ஈரோடும் அதன் சுற்றுப்புறமும்: காணவும் கற்கவும்

பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்வோர் பெரும்பாலும் அணைக்கட்டு, பூங்கா, மலைவாசத்தலம் என்னும் மூன்றனுள் ஒன்றையே நாடுகின்றனர். நம் சமூகத்தார் யாத்திரை எனப் புறப்பட்டால் திருமலை, மேல்சித்தாமூர், சிரவணபெளகுளம் ஆகியவற்றோடு பெரிதும் நிறைவடைகின்றனர். ஈரோட்டுக்கு நம்மவர் செல்லாமல் இல்லை. ஜவுளி கொள்முதலுக்காகச் செல்கின்றனர், மஞ்சள் வாங்கச் செல்கின்றனர், வண்டி மாறுவதற்காக இறங்குகின்றனர். வந்த அலுவல் முடிந்ததும் திரும்பிவிடுகின்றனர். அந்நகரைச் சுற்றி 50 கிலோமீட்டர் தொலைவுக்குள் காணத்தக்கவை எவை, அவற்றைப் பிள்ளைகளுக்கு எவ்வாறு காட்டலாம் என்பதை இக்கட்டுரையில் கூற விழைகின்றேன். ஈரோட்டின் தொழிலும் வாணிகமும் ஒரு புறம், பழைய சமணச் சின்னங்கள் மற்றொரு புறம் எனப் பிரித்துக் காண்பது தவறு என்பது என் துணிபு. மணியும் இரும்பும் துணியும் சென்ற அதே வழியில்தான் அறவோரும் நடந்தனர். தொழில் செழித்த இடத்தில்தான் அவர்களுக்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுக்கவும் கோயில் எழுப்பவும் கைப்பொருள் இருந்தது.

முதலில் நகரம். காவிரியின் மேற்குக் கரையில் அமைந்தது ஈரோடு. பெரும்பள்ளம், பிச்சைக்காரன்பள்ளம் என்னும் இரண்டு ஓடைகளின் இடையே அமைந்தமையால் 'ஈரோடை' எனப் பெயர் பெற்றுப் பின்னர் மருவிற்று என்பர். அவ்வோடைகளை இன்று காண விரும்புவோர் மூக்கைப் பொத்திக்கொண்டே காண வேண்டும். கணிதமேதை இராமானுசன் 1887ஆம் ஆண்டு தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்த ஊர் இது. 1879இல் இங்குப் பிறந்த பெரியாரின் நினைவில்லமும், 1987இல் தொடங்கப்பெற்ற அரசு அருங்காட்சியகமும் பிள்ளைகளுக்குக் காட்டத்தக்கவை. திங்கட்கிழமை இரவு தொடங்கிச் செவ்வாய்க்கிழமையிலும் தொடரும் கனிச் சந்தையைப் பெரியவர்கள் தாமே கண்டுகொள்வர். அதற்கு என் துணை வேண்டியதில்லை.

மஞ்சள் மண்டியை மட்டும் அவசியம் காட்டுங்கள். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. நிலத்திலிருந்து அகழ்ந்தெடுத்த மஞ்சளை வேகவைத்து, வெயிலில் பல நாள் உலர்த்தி, மெருகேற்றி, விரலி என்றும் கிழங்கு என்றும் பிரித்து மூட்டையாகக் கட்டுகின்றனர். வாங்குவோர் விரலியை ஒடித்துப் பார்த்தும், ஒடிந்த முகத்தின் நிறத்தைப் பார்த்தும் விலை கூறுவர். நம் வீட்டுப் பிள்ளைகள் இங்கு ஒரு வினாவை எழுப்பக்கூடும்: "கிழங்கு வகைகளை விலக்க வேண்டும் என்கிறீர்களே, மஞ்சள் மட்டும் எப்படி?" பச்சைக் கிழங்கு முளைக்கும் ஆற்றலுடைய, எண்ணற்ற உயிர்களுக்கு இடமாகிய பொருள், வெந்து உலர்ந்த மஞ்சளும் சுக்கும் அவ்வாறல்ல என்று நம் பெரியோர் கொண்ட வேறுபாட்டை விளக்குவதற்கு அந்த மண்டியைக் காட்டிலும் சிறந்த வகுப்பறை கிடையாது.

வடக்கே 15 கிலோமீட்டர் சென்றால் பவானி. பவானியாறு காவிரியோடு கலக்கும் கூடுதுறையும், சங்கமேசுவரர் கோயிலும், கோவை ஆட்சியராயிருந்த வில்லியம் காரோ 1804இல் அளித்த தந்தக் கட்டிலும் யாவரும் அறிந்தவையே. தெருக்களில் ஜமக்காளம் நெய்யும் ஓசையைக் கேட்கலாம். ஆனால் இங்கு ஒரு மணி நேரமேனும் நின்று காண வேண்டியது காலிங்கராயன் அணையும் வாய்க்காலும் ஆகும். 13ஆம் நூற்றாண்டில் கொங்கு நாட்டுத் தலைவன் காலிங்கராயன், பவானியாறு காவிரியில் விழுவதற்குச் சற்று முன்பாகவே அதனை மறித்து, வாய்க்கால் வெட்டி, நொய்யல் வரை கொண்டுசென்றான். நீளம் சற்றேறக்குறைய 90 கிலோமீட்டர்; பாசனம் பெறும் நிலம் 15,000 ஏக்கருக்கு மேற்பட்டது. வாய்க்கால் நேராகச் செல்லாமல் வளைந்து வளைந்து செல்கின்றது. பாம்பொன்று ஊர்ந்து வழிகாட்டிற்று, அவ்வழியே வெட்டினான் என்பது ஊரார் கூறும் கதை. அக்கதையை முதலில் அப்படியே சொல்லிவிட்டுப் பிறகு, "பாம்பு ஏன் நேராகச் செல்லவில்லை?" என்று வினவுங்கள். மேட்டில் ஏறாமலும் பள்ளத்தில் ஒரேயடியாக இறங்காமலும், நிலத்தின் சாய்வை ஒட்டிச் சிறுகச் சிறுக இறங்கினால்தான் நீர் இத்துணைத் தொலைவு போய்ச் சேரும் என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுரைப்பர். மட்டம் பார்க்க இன்றுள்ள கருவிகள் எவையும் இல்லாத நாளில் செய்த வேலை அது.

நகருக்குள் நுழைந்த பின் அவ்வாய்க்காலின் நிலை வேறு. கரையோரமாக எழுந்த சாயப்பட்டறைகள், சலவைப் பட்டறைகள், தோல் பதனிடும் தொழிற்சாலைகள் ஆகியவற்றின் கழிவு அதில் விழுந்துவந்தது. கழிவு கலவாதிருக்க வாய்க்காலை ஒட்டியே மற்றொரு சிறு வாய்க்கால் வெட்ட வேண்டியதாயிற்று. மக்கள் அதனைப் 'பேபி வாய்க்கால்' என்று அழைக்கின்றனர். நல்ல நீருக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வாய்க்கால், கழிவுநீருக்கு நம் காலத்தில் ஒரு வாய்க்கால். இரண்டும் அருகருகே ஓடும் இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டத் தயங்கவேண்டா. சுற்றுலா என்றால் அழகியவற்றை மட்டும் காண்பது என்று எந்த நூலும் விதிக்கவில்லை.

அடுத்த நாள் தென்மேற்கே சென்னிமலைச் சாலையில் செல்க. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் வெள்ளோடு. இவ்வூர்ப் பெரியகுளம் ஏரி பறவைகள் புகலிடமாகும்; 2022ஆம் ஆண்டு ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை கூழைக்கடா, நீர்க்காகம், செங்கால் நாரை முதலியவற்றை நிரம்பக் காணலாம். இங்குக் காண்பதற்கு அரியதாய், கேட்பதற்கு இனியதாய் ஒன்றுண்டு. ஏரியைச் சூழ்ந்த சிற்றூர் மக்கள் தீபாவளியன்று வெடி வெடிப்பதில்லை. பறவைகள் அஞ்சிக் கூட்டை விட்டுவிடும் என்பதற்காகவே பல ஆண்டுகளாக இவ்வழக்கத்தைக் கைக்கொண்டுள்ளனர். அவர்கள் சமணர் அல்லர். நம்மிடம் அகிம்சைப் பாடம் கேட்டவரும் அல்லர். ஆயினும் வெள்ளோட்டில் ஆதிநாதர் கோயில் ஒன்று இருந்து வருவதையும், கொங்கு நாட்டுப் பழைய ஜினாலயங்களின் வரிசையில் விசயமங்கலம், சீனாபுரம், திங்களூர், பூந்துறை என்பவற்றோடு இவ்வூரும் எண்ணப்படுவதையும் நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று.

காங்கயம் சாலையில் ஈரோட்டிலிருந்து 20 கிலோமீட்டர் அளவில் உள்ளது அறச்சலூர். ஓடாநிலையில் தீரன் சின்னமலை நினைவிடத்தைக் கண்டு வருவோர் பலர். அருகே நாகமலைக்குச் செல்வோர் மிகச் சிலர். அம்மலைக் குகையில் அறவோர்க்குரிய கற்படுக்கைகளும் தமிழ் எழுத்தின் பழைய வடிவாகிய தமிழ்ப் பிராமியில் வெட்டிய எழுத்துகளும் உள்ளன. புலவர் செ. இராசு அவர்கள் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தவை அவை. கிறித்து பிறந்தபின் முதல் நான்கு நூற்றாண்டுகளுக்குள் அடங்கியவை என்று கொள்ளலாம். இன்ன நூற்றாண்டு என்பதில் அறிஞர் வேறுபடுகின்றனர்.

அவ்வெழுத்துகளில் பொருள் தரும் சொற்களோடு, பொருள் தராத ஒலிகளும் உள்ளன. ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்து. தகர இனத்து எழுத்துகளே கட்டம் கட்டமாக நிற்கின்றன. இடமிருந்து வலமாகப் படித்தாலும், வலமிருந்து இடமாகப் படித்தாலும், மேலிருந்து கீழாகப் படித்தாலும், கீழிருந்து மேலாகப் படித்தாலும் ஒலி மாறுவதில்லை. ஆடலுக்கோ தாளத்திற்கோ உரிய சொற்கட்டு என்பர். தமிழகத்து இசைக் கல்வெட்டுகளுள் இதுவே மிகப் பழையதாகக் கருதப்படுகின்றது. இதனை அமைத்தவன் பெயரும் அங்கேயே உள்ளது: தேவன் சாத்தன்; 'மணிய வண்ணக்கன்' என்பது அவன் தொழிலைக் குறிக்கும் அடை. வண்ணக்கன் என்பான் பொன்னையும் நாணயத்தையும் நோட்டம் பார்ப்பவன். மணிய வண்ணக்கன் மணிகளை நோட்டம் பார்ப்பவன் என்று பொருள் கொள்வர்.

ஆசிரியப் பயிற்சி மாணவியர் சிலரோடு ஒருமுறை இக்கல்வெட்டைப் பற்றி உரையாடிக்கொண்டிருந்தபோது, "மணி பார்க்கிறவருக்குத் தாளம் எதற்கு அம்மா?" என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல வினா. மணியைத் திருப்பித் திருப்பி எப்பக்கமும் ஒத்திருக்கின்றதா என்று நோக்கும் கண்ணுக்குத்தான் எப்பக்கமும் ஒத்திருக்கும் எழுத்துக் கட்டம் தோன்றியிருக்குமோ என்று நான் எண்ணுவதுண்டு. இது என் கற்பனையேயன்றி ஆய்வு முடிபு அன்று. பிள்ளைகளிடம் ஐந்துக்கு ஐந்து கட்டம் வரைந்து கொடுத்து, நாற்புறமும் ஒன்றாகப் படிக்கத்தக்க எழுத்துகளை நிரப்பச் சொல்லுங்கள். அரை மணி நேரம் முயன்ற பிறகு கல்லருகே அழைத்துச் செல்லுங்கள். முயலாமல் கண்டவர் கண்ணுக்கு அது வெறும் கீறல்.

அம்மணிகள் எங்கிருந்து வந்தன? விடை சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் கிடக்கின்றது. சென்னிமலையில் முருகன் கோயிலும் கைத்தறிப் போர்வைகளும் புகழ்பெற்றவை. அவற்றைக் கடந்து சென்றால் கொடுமணல் என்னும் சிற்றூர். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று மணிக்குப் பெயர்போன ஊராகக் குறிப்பது இதனையே என்பர். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும், பின்னர்ப் புதுவைப் பல்கலைக்கழகத்தாரும், தமிழகத் தொல்லியல் துறையினரும் இங்கு அகழாய்வு செய்துள்ளனர். இரும்பை உருக்கிய உலைகள், பச்சைக்கல், நீலக்கல், படிகம், சூதுபவளம் முதலியவற்றால் மணி செய்த பட்டறைகளின் எச்சங்கள், செய்து முடித்த மணிகளோடு பாதியில் நின்றுபோன மணிகள், ஆட்பெயர் கீறிய நூற்றுக்கணக்கான பானை ஓடுகள் ஆகியவை கிடைத்தன. பச்சைக்கல் அண்மையிலுள்ள படியூரில் கிடைப்பது. சேரர் தலைநகராகிய கருவூரிலிருந்து மேலைக் கடற்கரைக்குச் சென்ற பெருவழியில் இவ்வூர் இருந்தமையால் இங்குச் செய்த மணி கடல் கடந்தும் சென்றது. ஒரு தொழிற்பேட்டைக்கு உரிய இலக்கணம் அனைத்தும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கு நிரம்பியிருந்தன: மூலப்பொருள், கைவினைஞர், உலை, வழி, வணிகர். செல்வோர் அங்குக் கோபுரத்தையோ சிலையையோ எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். வயல், முள், ஈமக்குழிகளைச் சூழ்ந்த கல்வட்டங்கள், ஆறு, இவைதாம் காட்சி.

ஆறு என்றேன். கொடுமணலுக்கு அண்மையில், நொய்யலின் குறுக்கே 1992இல் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்திற்காகக் கட்டி முடிக்கப்பட்டது. மேலே திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் அதில் தேங்கிற்று. அணையைத் திறக்க வேண்டா என்று உழவர்களே போராடும் நிலை ஏற்பட்டது. திறந்தால் நிலமும் கிணறும் கெடும் என்று அஞ்சினர். வழக்குகள் பல ஆண்டுகள் நடந்து, 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. அதன்பின், கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாமல் தூய்மை செய்து திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்னும் நிபந்தனையின்மேல் பட்டறைகள் மீண்டும் இயங்கின.

இதனை இப்பத்திரிகையில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நீரில் உயிர் வாழ்கின்றது என்பதோடு நில்லாமல், நீரே உடலாகக் கொண்ட உயிர்கள் உள என்று நம் ஆகமம் கூறுகின்றது. ஆகவேதான் நீரைத் துணியால் வடித்து அருந்துகின்றோம். வடித்தபின் துணியில் தங்கியவற்றை எடுத்த நீர்நிலையிலேயே மெல்லச் சேர்க்க வேண்டும் என்றும் நமக்குப் பயிற்றுவித்தனர். ஒரு குடம் நீருக்கு இத்துணைக் கவனம். அந்த வடிதுணி எங்கு வெளுக்கப்பட்டது, நாம் உடுத்தும் சேலை எங்குச் சாயம் ஏறிற்று, அச்சாய நீர் எந்த ஆற்றில் விழுந்தது என்னும் வினாக்களை நாம் அடுக்களைக்கு வெளியே கொண்டுசெல்வதில்லை. நம்மவருள் ஜவுளி வாணிகம் செய்வோர் பலர். ஈரோட்டிலேயே வடபுலத்திலிருந்து வந்து குடியேறிய சமணக் குடும்பங்கள் அத்தொழிலில் உள்ளன. கொள்முதல் செய்யும்போது விலை, நிறம், நூல் எண் என்று ஆயிரம் கேட்கின்றவர்கள், சாய நீர் எங்குச் செல்கின்றது என்று ஒரு வினாவையும் சேர்த்துக் கேட்டால் பட்டறைக்காரர் விடை கூறாமல் இருக்க இயலாது. வாங்குவோன் கேட்பதற்குள்ள வலிமை பல வேளைகளில் சட்டத்துக்கு இருப்பதில்லை.

மேற்கே கோவைச் சாலையில் செல்வோர்க்குப் பெருந்துறையில் சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் முதலில் தென்படும். அதனைக் கடந்து, ஈரோட்டிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் விசயமங்கலம். சாலையில் விரைவோர் சுங்கச்சாவடியாக மட்டுமே இவ்வூரை அறிவர். ஊரிலிருந்து சற்று உள்ளே சென்றால் சந்திரப்பிரபர் கோயில். வழி கேட்கும்போது நெட்டைக் கோபுரம் என்று கேளுங்கள், யாரும் காட்டுவர். இங்கு மண்டபத் தூணொன்றில் அமர்ந்த நிலையில் ஒரு பெண்ணுருவம் காணப்படுகின்றது. சல்லேகனை நோற்று உயிர் நீத்த புள்ளப்பையின் நிசீதிகை அது. கி.பி. 981 அளவில் சிரவணபெளகுளத்தில் 57 அடி உயரக் கோமடேசுவரர் திருவுருவை நிறுவிய கங்க நாட்டு அமைச்சர் சாமுண்டராயரின் தங்கை அவர். அண்ணன் எழுப்பிய சிலையைக் காண ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் செல்கின்றனர். தங்கை உண்ணா நோன்பிருந்து முடித்த இடத்தில், சென்றால் நாம் மட்டுமே நிற்கும்படி இருக்கும். கன்னட நாட்டுப் பெருங்குடியிற் பிறந்த பெண் இவ்வூரைத் தேர்ந்து வந்தார் எனின், அந்நாளில் இது எத்தகைய சமணத் திருவூராக இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பெருங்கதையை இயற்றிய கொங்குவேளிர் ஊரும் இதுவே என்று கொங்கு மண்டல சதகம் உரைக்கின்றது. முதலும் இறுதியும் கிடைக்காத அந்நூலை 1924இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தார்.

பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தில் ஆதிநாதர் கோயில் உள்ளது. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் பிறந்த சனகாபுரம் இவ்வூரே என்பது கொங்கு நாட்டார் கொள்கை. கன்னட நாட்டில் உள்ள ஊர் என்று கூறுவாரும் உளர். எவ்வூராயினும் ஆசிரியத் தொழிலில் இருந்தோர் இங்கு ஒரு வணக்கம் செலுத்துவது தகும். எம் காலத்து ஆசிரியப் பயிற்சியில் பெஸ்டலாசி, புரோபெல், எர்பர்ட் என்று அயல்நாட்டார் பெயர்களை மனப்பாடம் செய்தோம். அவர்கள் நல்லறிஞர்களே. எனினும் ஆசிரியர் யார், ஆசிரியர் ஆகத் தகாதவர் யார், பாடம் சொல்லும் முறை யாது, கேட்கும் முறை யாது என்று வகுத்துரைக்கும் நன்னூற் பொதுப்பாயிரம் அந்த வகுப்பில் ஒரு நாளும் திறக்கப்படவில்லை. நன்னூல் தமிழ் வகுப்புக்கு உரியது, கல்வியியலுக்கு உரியது அன்று என்பது அந்நாளைய பிரிவினை. அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி என மாணாக்கரை எட்டு வகையாகக் கண்ட ஒருவர், வகுப்பறையின் முன் நெடுங்காலம் நின்றவராகத்தான் இருக்க முடியும். ஆடு வகைப் பிள்ளைகள் ஆண்டுதோறும் எனக்கு வாய்த்தனர். ஒரு செடியிலும் முழுதாய் மேயமாட்டார்கள். அவர்களைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்றால் எல்லாரினும் மிகுதியாகக் கண்டு வருவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னும் ஒரு நாள் ஒதுக்க இயன்றால் கரூர் செல்லும் இருப்புப்பாதையில் 50 கிலோமீட்டர் அளவில் புகழூருக்குச் செல்க. காவிரியோரத் தொழில் ஊர். சர்க்கரை ஆலையும், கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்யும் பெரிய காகித ஆலையும் இங்கு உள்ளன. வேலாயுதம்பாளையத்தில் ஆறுநாட்டார் மலை. மேலே முருகன் கோயிலுக்குப் படியேறுவோர், இடையில் திரும்பினால் குகையும் கற்படுக்கைகளும் காண்பர். யாற்றூர் செங்காயபன் என்னும் சமண முனிவர்க்கு, சேர இளவரசன் இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் ஏற்றபோது அமைத்துக் கொடுத்த உறையுள் இது என்று கல்வெட்டு கூறுகின்றது. பாட்டன், தந்தை, மகன் என மூன்று தலைமுறைச் சேரர் பெயர் அதில் உள்ளமையால் பதிற்றுப்பத்து மன்னர்களின் காலத்தை ஆராய்வோர்க்கு அது பெருந்துணையாயிற்று. ஆனால் பிள்ளைகளுக்கு நான் காட்ட விரும்புவது அரசன் பெயரை அன்று. வேறு படுக்கையருகே கொடையாளியாகக் கருவூர்ப் பொன்வாணிகன் நத்தியின் பெயர் உள்ளது. கொடுமணல் மணியைப் பொன்னில் பதித்து விற்றவருள் அவனும் ஒருவனாக இருந்திருக்கலாம்.

மலையேறுவதற்குக் காலை எட்டு மணிக்கு முற்பட்ட நேரமே தக்கது. வெயில் சாய்வாக விழும்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும். உச்சி வெயிலில் அருகில் நின்றாலும் தெரியாது. எழுத்தைத் தெளிவாக்குவதாக எண்ணிச் சாக்கட்டியோ சுண்ணாம்போ தடவவே கூடாது. ஒரு கைவிளக்கு எடுத்துச் சென்று பக்கவாட்டில் பிடித்தால் போதும். குடிநீரையும், வடிதுணியையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். மலைமேல் நீர் கிடையாது.